கால் அங்குலம் வளராது

ஒரு சின்னக் கணக்கில் தொடங்கலாம். துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, அடியில் பஞ்சு விரித்து, அதற்கும் கீழே இன்னொரு துணி வைத்து, மூன்றையும் ஊடே தைத்தால் கிடைக்கும் போர்வைதான் குயில்ட். அதன் மேல்துணி பெரும்பாலும் ஒரே மாதிரியான சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிளாக் என்று பெயர். உங்களிடம் ஒரு பிளாக்குக்கான பேட்டர்ன் இருக்கிறது. அதில் மூன்று அங்குலச் சதுரத் துண்டுகளும், அதே மூன்று அங்குலச் சதுரத்தைக் கோணல்மாணல் இல்லாமல் மூலைவிட்டத்தில் பிளந்த முக்கோணத் துண்டுகளும் இருக்கின்றன. இதையே இரண்டு மடங்கு பெரிதாகத் தைக்க ஆசை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து 200 சதவீதத்தில் நகல் எடுக்கிறீர்கள். அட்டையில் ஒட்டி, துணியை வெட்டி, எப்போதும்போலக் கால் அங்குலம் ஓரம் விட்டுத் தைக்கிறீர்கள்.

சதுரம் முக்கோணத்தோடு சேராது. முக்கோணத்தின் பக்கம் 3/8 அங்குலம் நீண்டு நிற்கும்.

நகல் இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. எல்லாக் கோடுகளையும் அது சரியாக இரட்டித்திருக்கிறது. சிக்கலே அதுதான். தைத்து முடித்த சதுரம் 3 அங்குலம் என்றால், இரு பக்கமும் கால் அங்குலத் தையல் ஓரம் சேர்த்து அதன் அட்டை 3½ அங்குலம் இருக்கும். இரட்டித்தால் 7. தைக்கும்போது அரை அங்குலம் உள்ளே போய்விடும், மிஞ்சுவது 6½. முக்கோணத்தின் அட்டை 3⅞ அங்குலம். இரட்டித்தால் 7¾. தையலில் போவது ⅞, மிஞ்சுவது 6⅞. நமக்கு வேண்டியதோ இரண்டுக்கும் 6 அங்குலம். இரண்டுமே பெரிதாகிவிட்டன, அதைவிட மோசம், இரண்டும் வெவ்வேறு அளவுக்குப் பெரிதாகிவிட்டன.

தாளில் இருந்த தையல் ஓரம் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலமாக வளர்ந்தது. நம் தையல் வளரவில்லை. பேட்டர்னைப் பெரிதாக்குவதில் உள்ள அறிவியல் முழுவதும் இந்த ஒரு பொருத்தமின்மையில் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளைப் பெரிதாக்கும்போது அதோடு எவை வளரும், எவை வளராது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலிலியோவின் எலும்பு

இந்தக் கேள்வியை முதலில் சீராக எழுப்பியவர் கலிலியோ. ரோம் திருச்சபையின் தீர்ப்பால் வீட்டுக்காவலில் இருந்தபோது அவர் எழுதிய கடைசி நூல் 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சானது. இரண்டு புதிய அறிவியல்களைப் பற்றிய அந்த உரையாடலில் ஓர் எலும்புப் படம் வருகிறது. சிறிய விலங்கின் எலும்பு ஒன்று. அதைவிட மூன்று மடங்கு நீளமான எலும்பு இன்னொன்று. இரண்டாவது எலும்பு நீளத்துக்குப் பொருந்தாத பருமனோடு உருண்டு திரண்டு இருக்கிறது. காரணம் எளிது. நீளம் மூன்று மடங்கானால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்பது மடங்கு, உடலின் எடையோ இருபத்தேழு மடங்கு. ஒன்பது மடங்கு வலிமையால் இருபத்தேழு மடங்கு எடையைத் தாங்க முடியாது. ஆகவே பெரிய விலங்கு என்பது சிறிய விலங்கின் நகல் அல்ல. விகிதங்களே மாறியாக வேண்டும்.

குயில்ட்டில் எடை தாங்கும் பிரச்சினை இல்லை. ஆனால் நீளம் ஒரு கணக்கிலும் பரப்பு இன்னொரு கணக்கிலும் வளர்கின்றன. சில அளவுகள் அசையாமல் நிற்கின்றன. கால் அங்குலம் அப்படி நிற்பதற்குக் காரணம் வடிவியலில் இல்லை, துணியில் இருக்கிறது. பருத்தித் துணியின் இழைகள் ஓரத்தில் பிரிந்து நழுவாமல் இருக்க இவ்வளவு தேவை. இதைவிட அகலமாக விட்டால் பின்பக்கம் துணி மொத்தமாகத் தடித்துப் போகும். இழையின் பருமன், ஊசியின் பருமன், தையல் இயந்திரத்தில் துணியை அழுத்தும் பாதத்தின் அகலம் ஆகியவை சேர்ந்து முடிவு செய்த அளவு இது. பிளாக் ஆறு அங்குலமானாலும் அறுபது அங்குலமானாலும் இழை அதே இழைதான்.

முக்காலே அரைக்கால்

சதுரத்துக்கு அரை அங்குலம் கூட்டினால் போதும் என்கிறபோது முக்கோணத்துக்கு மட்டும் ஏன் முக்காலே அரைக்கால், அதாவது ⅞ அங்குலம்? குயில்ட் தைப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் இந்த எண்ணுக்குள் அழகான ஒரு வடிவியல் இருக்கிறது.

ஒரு துண்டைச் சுற்றிக் கால் அங்குலத் தொலைவில் இணைகோடுகள் வரையுங்கள். செங்கோண மூலையில் புதிய மூலை, பழைய மூலையைத் தாண்டிப் பக்கத்தின் வழியே கால் அங்குலம் நகரும். மூலை கூராகக் கூராக இந்த நகர்வு அதிகமாகும். 60 பாகை மூலையில் அது 0.43 அங்குலம்; 45 பாகையில் 0.60, 30 பாகையில் 0.93. கால் அங்குலத்தை அந்தக் கோணத்தின் பாதியுடைய கோடான்ஜென்டால் பெருக்கினால் இந்த எண்கள் வரும்.

நம் முக்கோணத்தின் குட்டைப் பக்கத்தில் ஒரு முனை செங்கோணம், மறுமுனை 45 பாகை. முதல் முனையில் 0.25, இரண்டாவதில் 0.604, மொத்தம் 0.854 அங்குலம். அளவுகோலில் இதற்கு அருகில் உள்ள வசதியான கோடு ⅞, அதாவது 0.875. மீதி இருப்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அது நூலின் தடிப்பிலும் துணியின் மடிப்பிலும் கரைந்துவிடும். இந்த ⅞ பிளாக்கின் அளவைச் சார்ந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். இரண்டு அங்குல முக்கோணத்துக்கும் ⅞ தான், பத்து அங்குல முக்கோணத்துக்கும் ⅞ தான். கோணமும் தையல் ஓரமும் மட்டுமே அதை முடிவு செய்கின்றன. பெரிதாக்கும்போது கோணம் மாறாது, தையல் ஓரமும் மாறாது. ஆகவே ⅞ மாறாது.

இதிலிருந்து ஒழுங்கான வழி தானாகவே கிடைக்கிறது. பேட்டர்னில் உள்ள தையல் ஓரத்தை முதலில் நீக்குங்கள். தைத்து முடித்த வடிவத்தை மட்டும் பெரிதாக்குங்கள். அதன்பின் புதிதாகக் கால் அங்குலம் சேர்த்து வரையுங்கள். எத்தனை சதவீதம் என்பதற்கு, வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். எட்டு அங்குல பிளாக் பன்னிரண்டாக வேண்டுமானால் 150. பன்னிரண்டு எட்டாக வேண்டுமானால் 66.7. வகுக்கப்படும் இரண்டு எண்களும் தைத்து முடித்த அளவுகளாகவே இருக்க வேண்டும். வெட்டும் அளவுகளைப் போட்டால் கணக்கு பிசகும்.

தாளின் மேலேயே துணியை வைத்துத் தைக்கும் முறையில் இந்த வேலை பெரிதும் குறைகிறது. அதில் தாளில் அச்சான கோடுகள் வெட்டும் கோடுகள் அல்ல, தைக்கும் கோடுகள். துணித்துண்டுகள் உத்தேசமாக வெட்டப்பட்டு, கோட்டின்மேல் தைத்தபின் மிச்சம் கத்தரிக்கப்படும். உள்ளே தையல் ஓரம் அச்சாவதே இல்லை; பிளாக்கைச் சுற்றியும், பிளாக் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அந்தப் பகுதிகளைச் சுற்றியும் மட்டுமே உண்டு. 150 சதவீதத்தில் எடுத்தால் அந்த வெளி ஓரம் 3/8 அங்குலமாகும். மறுபடி கால் அங்குலத்தில் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டால் முடிந்தது. இந்த முறையில் தாளின் அச்சுப்பக்கம் துணியின் பின்பக்கமாக அமைவதால் முடிந்த பிளாக் இடவலம் மாறி வரும். எழுத்தோ ஒரு பக்கம் பார்க்கும் பறவையோ உள்ள பேட்டர்ன் என்றால் நகல் எடுக்கும்போதே கண்ணாடிப் பிம்பமாக எடுக்க வேண்டும். தையலையும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கமாகப் போடுவார்கள். ஊசித்துளைகள் நெருங்கி இருந்தால்தான் கடைசியில் தாள் சுலபமாகக் கிழிந்து வரும்.

கட்டமும் நான்கு சட்டங்களும்

நகல் இயந்திரம் வருவதற்கு முன்பே மனிதர்கள் படங்களைப் பெரிதாக்கினார்கள். பண்டைய எகிப்தில் சுவரில் ஓவியம் தீட்டியவர்கள் முதலில் சிவப்புக் கோடுகளால் கட்டம் போட்டுக்கொண்டார்கள். நிற்கும் மனித உருவத்துக்குப் பாதத்திலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை பதினெட்டுக் கட்டங்கள். கட்டத்தின் அளவை மாற்றினால் உருவத்தின் அளவு மாறும், விகிதம் மாறாது.

அமெரிக்கப் பத்திரிகைகளும் இதே உத்தியைக் கையாண்டன. 1928 முதல் 1961 வரை கேன்சஸ் சிட்டி ஸ்டார் என்ற நாளிதழ் குயில்ட் பேட்டர்ன்களை வெளியிட்டுவந்தது. பண்ணைவீட்டுப் பெண்கள் அவற்றைக் கத்தரித்துச் சேர்த்துவைத்தார்கள். பத்திரிகைப் பத்திக்குள் முழு அளவு பேட்டர்ன் அடங்காதபோது கட்டத்தின்மேல் சிறிதாக அச்சிட்டு, ஒரு கட்டம் ஓர் அங்குலம் என்று குறிப்புப் போடுவது பத்திரிகை உலகின் வழக்கம். வாசகர் ஓர் அங்குலக் கட்டம் போட்ட தாளில், கோடு எந்தக் கட்டத்தின் எந்த இடத்தில் நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைவார். ஒரு கட்டத்தில் செய்த தவறு அடுத்த கட்டத்துக்குப் பரவாது என்பதே இந்த முறையின் பலம்.

இயந்திர வழியில் பெரிதாக்கியவர் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானிய ஏசுசபைத் துறவி. சூரியப் புள்ளிகளை ஆராய்ந்து கலிலியோவோடு மோதியவர் அவரே. 1603இல் அவர் செய்த பேண்டோகிராஃபில் நான்கு மரச்சட்டங்கள் இணைகரமாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு முனை மேசையில் ஊன்றி நிற்க, நடுவில் உள்ள முள்ளால் படத்தின்மேல் தடவினால் கோடியில் உள்ள பென்சில் அதே உருவத்தைப் பெரிதாக வரையும். சட்டங்கள் எப்படி அசைந்தாலும் ஊன்றிய புள்ளி, முள், பென்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில், ஒரே விகிதத் தூரத்தில் இருக்கும். வடிவொத்த முக்கோணங்களின் பண்பு மரச்சட்டமாக வந்து நிற்கிறது. முள் பிடித்த கை நடுங்கினால் அந்த நடுக்கமும் பெரிதாகும். முள்ளையும் பென்சிலையும் இடம் மாற்றிப் பெரிய படத்தைச் சிறிதாக்கினால் நடுக்கம் சுருங்கிவிடும். அதனால் உலோகத்தில் எழுத்துச் செதுக்குகிறவர்கள் மூலத்தைப் பெரிதாகச் செய்துகொண்டு சிறிதாக்குவார்கள். பேட்டர்னைச் சொந்தமாக வரைகிறவருக்கும் இந்தப் பாடம் உதவும். பெரிதாக வரைந்து குறுக்குவது, சிறிதாக வரைந்து பெருக்குவதைவிட எப்போதும் சுத்தமாக வரும்.

தாளுக்கும் ஒரு விகிதம் உண்டு

நம் வீடுகளில் உள்ள ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். இந்த விசித்திரமான எண்களுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தாளைக் குறுக்கே பாதியாக மடித்தால் அந்தப் பாதியும் முழுத்தாளின் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். இரண்டின் வர்க்கமூலமான 1.414 என்ற விகிதத்துக்கு மட்டுமே இந்தப் பண்பு உண்டு. ஜெர்மானிய இயற்பியலாளர் லிஷ்டென்பெர்க் 1786இல் ஒரு கடிதத்தில் இதன் அழகை எடுத்துச் சொன்னார். 1922இல் வால்டர் போர்ஸ்ட்மன் வகுத்த ஜெர்மானியத் தரநிர்ணயம் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர்; அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4.

ஜெராக்ஸ் இயந்திரத்தில் 141 சதவீதத்துக்குத் தனிப்பொத்தான் இருப்பதன் காரணம் இதுதான். ஏ4இல் உள்ளதை ஏ3க்கு நிரப்பினால் பரப்பு இரட்டிக்கும், நீளம் 1.41 மடங்குதான் ஆகும். ‘இரட்டிப்பாகப் போடுங்கள்’ என்று கடையில் சொன்னால் ஏ3 நகல் கையில் வரக்கூடும். ஆறு அங்குல பிளாக் அதில் எட்டரை அங்குலமாகத்தான் இருக்கும். 141ஐ இரண்டு முறை போட்டால் 198.8 சதவீதம், ஆறு அங்குலம் 11.93 ஆகும். பன்னிரண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் குறைவு. ஆகவே கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்பதே நல்லது. அதோடு நகலின் நகல் எடுக்காமல், ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு முறை ஏற்பட்ட சிறு கோணல் அடுத்த நகலில் பெருகும்.

குயில்ட் பேட்டர்ன்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே வீட்டுத்தாள் லெட்டர் எனப்படும் எட்டரைக்குப் பதினோரு அங்குலத் தாள். அது ஏ4ஐவிட ஆறு மில்லிமீட்டர் அகலம் கூடியது. பதினெட்டு மில்லிமீட்டர் உயரம் குறைந்தது. நம் வீட்டு அச்சுப்பொறியின் மிகப் பெரிய தொல்லை இந்த ஆறு மில்லிமீட்டரில் தொடங்குகிறது.

கேட்காத உதவி

பிடிஎஃப் கோப்பு அளவை மறக்காது. 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இந்த வடிவத்தில் நீளங்கள் புள்ளிக்கணக்கில் எழுதப்படுகின்றன; ஒரு புள்ளி என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. ஆறு அங்குலக் கோடு கோப்புக்குள் 432 புள்ளிகளாக இருக்கும். கோப்பைத் தொலைபேசியில் திறந்தாலும் பெரிய திரையில் திறந்தாலும் அந்த எண் மாறாது.

அளவு கெடுவது அச்சிடும் நேரத்தில்தான். லெட்டர் தாளுக்கு அமைத்த பக்கத்தை ஏ4இல் அச்சிடச் சொன்னால், தாளுக்குப் பொருத்து என்ற தேர்வு தானாகவே இயங்கிப் பக்கத்தை 97 சதவீதத்துக்குச் சுருக்கிவிடும். அச்சுப்பொறி மையிட முடியாத ஓரங்களையும் கணக்கில் எடுத்தால் இன்னும் சுருங்கும். கடிதம் அச்சிடுகிறவருக்கு அது உதவி. பேட்டர்ன் அச்சிடுகிறவருக்கு நஷ்டம். 3½ அங்குல அட்டை 3.395 ஆகிறது. நாம் கால் அங்குலமே விட்டுத் தைப்பதால் முடிந்த சதுரம் 2.895. நான்கு சதுரம் கொண்ட வரிசை 12க்குப் பதில் 11.58. எட்டு பிளாக் சேர்ந்தால் 96 அங்குலம் இருக்க வேண்டிய போர்வை 92.64இல் நின்றுவிடும். அட்டை சுருங்கியது மூன்று சதவீதம். போர்வை சுருங்கியதோ மூன்றரை. வளராத கால் அங்குலம், சுருங்கவும் மறுக்கிறது.

அச்சிடும் பெட்டியில் அசல் அளவு அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். லெட்டர் பக்கத்தின் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் வெட்டுப்பட்டாலும் அங்கே பெரும்பாலும் வெற்றிடமே இருக்கும். பல பேட்டர்ன்களில் சரிபார்க்க ஓர் அங்குலச் சதுரம் ஒன்று அச்சாகியிருக்கும். அதை அளப்பது போதாது. நம் கண்ணும் அளவுகோலும் அரை மில்லிமீட்டர் தவறலாம். ஓர் அங்குலத்தில் அது இரண்டு சதவீதம். நாம் தேடும் பிழையே மூன்று சதவீதம்தான். ஆறு அங்குலக் கோட்டை அளந்தால் அதே அரை மில்லிமீட்டர் 0.3 சதவீதமாகக் குறைந்துவிடும். சிறிய அளவை அறிய நீளமான பொருளை அளக்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் பழைய விதி. பக்கத்திலேயே நீளமான நேர்கோடு எதுவோ அதை அளவுகோலின் கீழ் வையுங்கள். நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றும் பாருங்கள். தாளை இழுக்கும் உருளைகள் ஒரு திசையில் மட்டும் சற்றே பிசகியிருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் படமாகக் கடைக்கு அனுப்பினால் இந்தப் பாதுகாப்பெல்லாம் போய்விடும். படத்துக்கு இத்தனை புள்ளி அகலம் என்ற கணக்கு உண்டே தவிர, இத்தனை அங்குலம் என்ற உறுதி கிடையாது. அதிலும் புத்தகப் பக்கத்தைத் தொலைபேசியால் படம் பிடித்து அனுப்பினால் கேமரா சாய்ந்த அளவுக்குச் சதுரம் சரிவகமாகும். அந்தக் கோணலை எந்தச் சதவீதத்தாலும் நேராக்க முடியாது. ஒரு கோடி ஒரு மடங்கும் மறுகோடி இன்னொரு மடங்கும் பெரிதாகியிருக்கும்.

புள்ளிகளும் வளைவுகளும்

ஸ்கேன் செய்த பேட்டர்ன் புள்ளிகளின் அடுக்கு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்ததை நான்கு மடங்கு பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 75தான் மிஞ்சும். வளைவுகள் படிக்கட்டாகத் தெரியும். கணினியில் வரைந்து உருவாக்கிய பேட்டர்னில் அந்தச் சிக்கல் இல்லை. அதில் வளைவு என்பது சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் ஒரு சூத்திரமும்தான். சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பால் டி காஸ்டெல்ஜோவும், ரெனோவில் பியர் பெசியேவும் காரின் உடல் வளைவுகளுக்காகத் தனித்தனியே கண்டடைந்த கணிதம் இது. வளைவின் ஒவ்வொரு இடமும் அந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் எடையிட்ட சராசரி. ஆகவே அந்தப் புள்ளிகளை மட்டும் நகர்த்தினால் வளைவு முழுவதும் அதே விகிதத்தில் வழுவழுப்பாகப் பெரிதாகும். இறகு, கொடி, வளையம் போன்ற தையல் வடிவங்கள் இப்படிப்பட்ட கோப்பாகக் கிடைத்தால் பத்து மடங்கு பெருக்கினாலும் பாதகமில்லை.

கோட்டின் தடிப்பு இன்னொரு பொறி. கோலத்தை இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டாலும் விரலிடுக்கில் இறங்கும் மாவின் கோடு தடிப்பதில்லை. நகல் இயந்திரமோ அதையும் தடிக்கச் செய்துவிடும். அரை மில்லிமீட்டர் கோடு நான்கு மடங்கில் இரண்டு மில்லிமீட்டராகும். உள்விளிம்பில் வெட்டுவதா, வெளிவிளிம்பிலா? ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கமும் சேர்த்து நான்கு மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். கோட்டின் நடுவில் மெல்லிய பென்சிலால் புதுக்கோடு இழுத்துக்கொண்டு, பழைய கோட்டை மறந்துவிட வேண்டும்.

பெரிய பேட்டர்ன் ஒரே தாளில் அடங்காது. பிடிஎஃப் மென்பொருளில் போஸ்டர் என்ற தேர்வு, பக்கத்தைப் பல தாள்களாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று படியும் ஓரத்தோடும் வெட்டுக்குறிகளோடும் அச்சிடும். பதினெட்டு அங்குலம் என்பது 457 மில்லிமீட்டர். ஓரமும் பத்து மில்லிமீட்டர் படிவும் போக ஏ4இல் அதற்கு அகலத்தில் மூன்றும் உயரத்தில் இரண்டுமாக ஆறு தாள் வேண்டும். ஒட்டி முடித்ததும் சதுரத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 25½ அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைவாக, ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் ஒட்டியது நேர். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சதுரம் சாய்ந்திருக்கிறது.

இரண்டு வகைப் பிழை

எல்லாப் பிழையும் ஒரே மாதிரி கூடுவதில்லை. பதினாறு துண்டுகள் கொண்ட வரிசையில் பதினைந்து இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பிலும் வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா இணைப்பிலும் அதே திசையில் நடந்தால் பதினைந்து வீசம் கூடி, வரிசை ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். அதே வீசம் சில இணைப்பில் கூடுதலாகவும் சில இணைப்பில் குறைவாகவும் தாறுமாறாக நடந்தால் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எதிர்பார்க்கக்கூடிய மொத்தப் பிழை பதினைந்தின் வர்க்கமூலமான நாலு வீசத்தை ஒட்டி, கால் அங்குலம் அளவுக்கே இருக்கும்.

கை தவறுவது இரண்டாவது வகை. தவறான சதவீதத்தில் அச்சான அட்டை முதல் வகை; அது ஒவ்வொரு துண்டிலும் ஒரே பக்கமாக இழுக்கும். அதனால்தான் பொறுமையாகத் தைப்பதால் அச்சுப்பிழையை ஈடுகட்ட முடியாது. தையலில் மடிந்து படியும் துணியும் நூலும் கொஞ்சம் இடத்தைத் தின்பதும் முதல் வகையே. அனுபவசாலிகள் அதற்காகக் கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவாகத் தைக்கிறார்கள்.

தாளே சுருங்குவதையும் சிலர் அஞ்சுவதுண்டு. லேசர் அச்சுப்பொறி மைத்தூளை உருக்கிப் பதிக்க ஏறத்தாழ 200 டிகிரிச் சூட்டில் தாளை அழுத்துகிறது. ஈரம் போய்த் தாள் சற்றே சுருங்கும், பிறகு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சித் திரும்ப விரியும். இழைகள் ஓடும் திசைக்குக் குறுக்கே இந்த மாற்றம் அதிகம். ஆனால் அளவு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு பேட்டர்னின் எல்லாத் தாள்களையும் ஒரே இயந்திரத்தில் ஒரே அமர்வில் அச்சிட்டுவிட்டால் எல்லாம் சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே விரியும். எந்தப் பிழையைத் துரத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிவது அளவையியலில் பாதிக் கல்வி.

பஞ்சின் எல்லை, துணியின் கணக்கு

மூன்று அடுக்கையும் ஊடே தைக்கும் அலங்காரத் தையலுக்கும் பேட்டர்ன் உண்டு. அதில் துண்டும் இல்லை, தையல் ஓரமும் இல்லை. ஆகவே எந்தச் சதவீதத்திலும் பெருக்கலாம் என்று தோன்றும். இங்கே வளராதது பஞ்சு. பஞ்சு விரிப்பின் உறையில், தையல் கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் இத்தனை அங்குலம் என்று அச்சிட்டிருப்பார்கள். நான்கு அங்குலம் என்று சொன்ன பஞ்சின்மேல், மூன்று அங்குல இடைவெளி உள்ள பூவை இரட்டித்தால் இடைவெளி ஆறாகிவிடும். துவைக்கும்போது பஞ்சு நகர்ந்து முடிச்சு முடிச்சாகத் திரளும். ஆகவே பெரிதாக்கிய பூவின் உள்ளே இதழை ஒட்டி இன்னொரு கோடு சேர்க்க வேண்டும். சிறிதாக்கும்போது இதற்கு நேர்மாறாகக் கோடுகளைக் குறைக்க வேண்டும். நெருங்கிய தையல் போர்வையை அட்டையைப் போல விறைக்கச் செய்யும். கலிலியோவின் எலும்பைப் போலவே, பெரிய பூ சிறிய பூவின் நகலாக இருக்க முடிவதில்லை.

கடைசியாகத் துணி எவ்வளவு வாங்குவது? நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு என்பது பள்ளிப்பாடம். முடிந்த போர்வைக்கு அது சரி. பஞ்சுக்கும் அடித்துணிக்கும் ஏறத்தாழ அதே கணக்குதான். வெட்டும் துண்டுகளுக்கு அது பொருந்தாது. மூன்று அங்குலச் சதுரத்துக்கு வெட்ட வேண்டியது 3½க்கு 3½, அதாவது 12.25 சதுர அங்குலம். ஆறு அங்குலச் சதுரத்துக்கு 6½க்கு 6½, 42.25 சதுர அங்குலம். விகிதம் நான்கு அல்ல, 3.45. தையல் ஓரம் துண்டின் சுற்றளவைப் பின்பற்றுகிறது. துண்டோ பரப்பைப் பின்பற்றுகிறது. சுற்றளவைவிடப் பரப்பு வேகமாக வளர்வதால், துண்டு பெரிதாகப் பெரிதாக ஓரத்தில் வீணாகும் பங்கு குறைகிறது. மூன்று அங்குலச் சதுரத்தில் வெட்டிய துணியின் 27 சதவீதம் தையலுக்குள் மறைகிறது. ஆறு அங்குலச் சதுரத்தில் 15 சதவீதம். ஓர் அங்குலச் சதுரத்திலோ 56 சதவீதம் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் துணியைவிடத் தெரியாத துணியே அங்கே அதிகம்.

சுண்டெலி தன் எடைக்கு யானையைவிட மிக அதிகமாகத் தின்ன வேண்டியிருப்பதும் இதே வடிவியலால்தான். சிறிய உடலில் வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு, வெப்பத்தை உண்டாக்கும் பருமனோடு ஒப்பிட்டால் மிக அதிகம். ஆக, அச்சிடு என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு தாளில் மூன்று பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது. சதவீதத்தோடு வளர்பவை: தைத்து முடித்த துண்டின் பக்கங்கள், தையல் வடிவத்தின் வளைவுகள், அவற்றின் இடைவெளிகள். சதவீதத்தின் வர்க்கத்தோடு வளர்பவை: பஞ்சு, அடித்துணி, போர்வையின் எடை. அசையாமல் நிற்பவை: தையல் ஓரம், ⅞ அங்குலக் கூடுதல், கோணங்கள், தையலின் நீளம், பஞ்சின் எல்லை, துணியில் அச்சான பூவின் அளவு. முதல் பட்டியலை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். இரண்டாவதைக் கடைக்காரரிடம் சொல்லலாம். மூன்றாவது, அளவுகோலும் பென்சிலும் பிடித்திருப்பவரின் வேலை.